அசெம்பிளியில் ஆர்கியுமென்ட் வாங்கும் புரொசீஜருக்கு அழைப்பு மரபை எங்கே அறிவிப்பது?

மாடல் வரியிலா, ப்ராக் வரியிலா, ப்ரோட்டோ வரியிலா, அழைப்பு மரபை எங்கே அறிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: 32 பிட் மாஸ்மில் (மைக்ரோசாஃப்டின் அசெம்பிளர்) மூன்று எண்களைக் கூட்டும் ‘சம்3’ என்ற புரொசீஜரை ஸ்டட்கால் என்ற மரபில் அறிவித்து எழுதினீர்கள், சி நிரலிலிருந்து அழைத்தபோது அப்படி ஒரு பெயரே இல்லை என்று லிங்கர் (கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) மறுத்தது, வகுப்புத் தோழர் சொன்னபடி அறிவிப்பை எல்லாம் எடுத்துவிட்டு, பெயருக்கு முன்னால் நீங்களே ஓர் அடிக்கோடு போட்டு, கடைசியில் ‘ரெட் 12’ என்ற திரும்பும் கட்டளையோடு முடித்தீர்கள், லிங்கர் சம்மதித்தது, விடையும் சரியாக வந்தது, ஆனால் லூப்புக்குள் வைத்து அழைத்தால் நிரல் விழுகிறது. ஆக, உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. அறிவிப்பு எந்த வரியில் என்பது ஒன்று. அந்த அறிவிப்பு யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பது மற்றொன்று. இரண்டாவது புரிந்தால் முதலாவதற்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் சிங்கப்பூரில் அங் மோ கியோ பக்கம் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) எழுதிப் பிழைப்பவன். இப்போது கையில் புழங்குபவை பெரும்பாலும் ஆர்ம் சில்லுகள். ஆனால் பழைய சோதனை இயந்திரங்களை ஓட்டும் 32 பிட் விண்டோஸ் நிரல்களையும் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன்; மாஸ்ம் பழக்கம் அங்கிருந்து வந்தது. உங்கள் நிரலின் லிஸ்டிங்கை (அசெம்பிளர் வரி வரியாகத் தரும் பட்டியல்) நான் பார்க்கவில்லை. ஆகவே நிரல் எந்த இடத்தில் விழுகிறது என்று நான் சொல்லப்போவது ஊகம்தான். ஏன் விழுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ‘ரெட் 12’ என்ற ஒரு வரியே போதிய சாட்சி.

அழைப்பு மரபு என்பது அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே சில விஷயங்களில் உள்ள உடன்பாடு. ஆர்கியுமென்ட்டுகள், அதாவது புரொசீஜருக்குக் கொடுக்கும் மதிப்புகள், எந்த வரிசையில், எங்கே வைக்கப்படுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றை ஸ்டாக்கிலிருந்து (அவை தற்காலிகமாக அடுக்கப்படும் நினைவகப் பகுதி) யார் நீக்குவது. எந்த ரெஜிஸ்டர்களை (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) கெடுக்காமல் திருப்பித் தர வேண்டும். விடை எதில் வருகிறது. லிங்கருக்குத் தெரியும் பெயர் எப்படி எழுதப்படுகிறது. மரபு என்றாலே ஸ்டாக்கைச் சுத்தம் செய்வது மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள்; மற்ற நான்கும் அதே அளவு கடிக்கும். சி மரபில் ஆர்கியுமென்ட்டுகள் வலமிருந்து இடமாகத் தள்ளப்படுகின்றன, அழைத்தவரே சுத்தம் செய்கிறார். ஸ்டட்காலிலும் வலமிருந்து இடம்தான், ஆனால் அழைக்கப்பட்டவர் சுத்தம் செய்துவிட்டுத் திரும்புகிறார். பாஸ்கல் மரபில் இடமிருந்து வலம், சுத்தம் செய்வது அழைக்கப்பட்டவர். நம் ஊர் உணவங்காடியில் 2021 செப்டம்பர் முதல் சாப்பிட்டவரே தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்பது கட்டாயம். அதற்கு முன்பு துப்புரவு ஊழியர் வந்து எடுப்பார் என்று பலரும் மேசையிலேயே விட்டுச் சென்றார்கள். இரண்டு முறையிலும் மேசை சுத்தமாகும். சிக்கல், நீங்களும் எடுத்து ஊழியரும் எடுக்கும்போதுதான்: இரண்டாவது முறை போவது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் தட்டு.

உங்கள் நிரலில் நடப்பது அதுதான். எண்களை வைத்துப் பார்ப்போம். அழைப்பதற்கு முன், ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டரான ஈஎஸ்பி 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சி கம்பைலர் (சி நிரலை இயந்திரக் கட்டளைகளாக்கும் கருவி) மூன்றாவது ஆர்கியுமென்ட், இரண்டாவது, முதலாவது என்று தள்ளுகிறது. ஒவ்வொன்றும் 4 பைட், ஈஎஸ்பி 988க்கு இறங்குகிறது. கால் எனும் அழைக்கும் கட்டளை திரும்பும் முகவரியைத் தள்ளுகிறது, 984. உங்கள் புரொசீஜரின் முதல் வரி பழைய ஈபிபியை (ஸ்டாக்கில் புரொசீஜரின் பகுதிக்கு நிலையான குறியாக நிற்கும் ரெஜிஸ்டர்) தள்ளுகிறது, 980. அடுத்த வரியில் ஈபிபி 980 ஆகிறது. இனி ஈபிபி+4இல் திரும்பும் முகவரி, ஈபிபி+8இல் முதல் ஆர்கியுமென்ட், ஈபிபி+12இல் இரண்டாவது, ஈபிபி+16இல் மூன்றாவது. கூட்டி, விடை திரும்பும் ரெஜிஸ்டரான ஈஏஎக்ஸில் வைக்கிறீர்கள்; விடை சரி. பிறகு ஈபிபியை எடுத்ததும் ஈஎஸ்பி 984. ‘ரெட் 12’ திரும்பும் முகவரியை எடுத்து 988 ஆக்கி, மேலும் 12 கூட்டி 1000 ஆக்குகிறது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் சி கம்பைலருக்கு நீங்கள் சுத்தம் செய்தது தெரியாது. அது தன் வழக்கப்படி கால் கட்டளைக்கு அடுத்த வரியில் ஈஎஸ்பியோடு 12 கூட்டுகிறது. இப்போது ஈஎஸ்பி 1012.

லூப்பின் இரண்டாம் சுற்றில் தள்ளுதல் 1012இலிருந்து தொடங்குகிறது. எழுதப்படும் இடங்கள் 1008, 1004, 1000. அங்கே இருந்தவை அழைத்த ஃபங்ஷனின் (புரொசீஜருக்கு சி மொழியில் பெயர்) சொந்தச் சரக்கு: அது பாதுகாத்து வைத்த ரெஜிஸ்டர்களோ, உள் மாறிகளோ. சுற்றுக்குச் சுற்று 12 பைட் மேலே ஏறி, ஒரு கட்டத்தில் லூப்பின் எண்ணிக்கை மாறியே உங்கள் ஆர்கியுமென்ட்டால் அழிக்கப்படும். அதனால் சில சமயம் நிரல் விழாமல், முடியவே முடியாத லூப்பாக மாறி நிற்கும். இன்னும் ஏறினால் திரும்பும் முகவரியே போய்விடும். எது முதலில் நடக்கும் என்பது கம்பைலர் மாறிகளை எங்கே வைத்தது என்பதைப் பொறுத்தது. நான் ஊகம் என்று சொன்னது இதைத்தான்.

ஒரே ஒரு முறை அழைத்தால் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் வியப்பது நியாயம். ஈபிபியை ஸ்டாக் சட்டமாக (ஃபிரேம்) பிடித்து ஓடும் ஃபங்ஷன், முடியும்போது ஈஎஸ்பியை ஈபிபியிலிருந்து மறுபடி அமைத்துக்கொள்கிறது. அதனால் இடையில் நேர்ந்த பிசகு மூடி மறைக்கப்படுகிறது. அதே நிரலில் ஆப்டிமைசேஷனைப் போட்டு, கம்பைலர் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டால், ஒரே அழைப்பில் விழும். விஷுவல் சி++இன் டீபக் பில்டில் இயக்க நேரச் சோதனைகள் இயங்கிக்கொண்டிருந்தால், ஈஎஸ்பி சரியாகப் பாதுகாக்கப்படவில்லை என்று ஒரு செய்திப் பெட்டி வரும். அது வந்தால் மரபு முரண்பாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்த் திசைப் பிசகும் உண்டு: அழைப்பவர் ஸ்டட்கால் என்று நம்புகிறார், அழைக்கப்பட்டவர் வெறும் ரெட்டோடு திரும்புகிறார். அப்போது யாரும் சுத்தம் செய்வதில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் 12 பைட் ஸ்டாக் கரைகிறது. விண்டோஸில் லிங்கர் இயல்பாக ஒதுக்குவது 1 மெகாபைட். ஒரே லூப்புக்குள் சுமார் 87,000 அழைப்புகள் வரை நிரல் நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு அதன் பிறகே சரியும். இந்த வகைதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. ஆய்வகத்தில் ஓடும், தொழிற்கூடத்தில் இரவு வேலைநேரத்தில் விழும்.

இப்போது லிங்கர் மறுத்த கதைக்கு வருவோம். 32 பிட் விண்டோஸில் மரபு, பெயரிலேயே முத்திரையாகப் பதிகிறது. சி மரபில் பெயர் _சம்3. ஸ்டட்காலில் அது _சம்3@12. கடைசி எண், ஆர்கியுமென்ட்டுகளின் மொத்த பைட் அளவு. பாஸ்கல் மரபில் அடிக்கோடு இல்லை, எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்தாகும். நீங்கள் அசெம்பிளியில் ஸ்டட்கால் என்று அறிவித்தபோது மாஸ்ம் _சம்3@12 என்ற பெயரை வெளியிட்டது. சி பக்கம் எந்த அறிவிப்பும் இல்லாததால் கம்பைலர் _சம்3 என்று தேடியது. லிங்கர் மறுத்தது சரியான மறுப்பு. இரு தரப்பும் வேறு வேறு மரபைப் பேசுகின்றன என்பதை நிரல் ஓடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். உங்கள் தோழரின் யோசனை முரண்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, அவர் வாயை மட்டும் அடைத்துவிட்டது. தோழரைக் குறை சொல்லவில்லை. இணையத்தில் பாதிப் பேர் இதே வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள். கவனிக்க: டிஎல்எல் (நிரல் ஓடும்போது சேர்க்கப்படும் நூலகம்) கோப்பிலிருந்து ஓடும் நேரத்தில் பெயரைச் சொல்லி முகவரி வாங்கும் நிரல்களில் இந்தக் காவலும் கிடையாது. அங்கே ஃபங்ஷன் பாயின்டரின் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி) வகையை நீங்கள் எப்படி எழுதினீர்களோ அதுதான் விதி.

இந்த இடத்தில் உங்கள் முதல் கேள்விக்கு விடை சொல்லலாம். மாடல் வரியில் எழுதுவது அந்தக் கோப்பு முழுவதற்குமான இயல்பு மரபு. ப்ராக் வரியில் எழுதுவது அந்த ஒரு புரொசீஜரை வரையறுக்கும் இடத்தில் அந்த இயல்பை மீறுவது. ப்ரோட்டோ வரி, அழைக்கும் இடத்தில் இன்வோக் (ஆர்கியுமென்ட்டுகளைத் தானே தள்ளி அழைக்கும் மாஸ்ம் வசதி) எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்வது. மூன்றும் ஒன்றை ஒன்று ஈடு செய்வன அல்ல. ஒரே கோப்பில் ப்ரோட்டோவும் ப்ராக்கும் முரண்பட்டால் அசெம்பிளரே நிறுத்திவிடும். வெவ்வேறு கோப்புகளில் முரண்பட்டால் அதற்குத் தெரிய வழியில்லை. அதனால் ப்ரோட்டோ வரிகளை ஒரு தனி இன்க்ளூட் கோப்பில் வைத்து, வரையறுக்கும் கோப்பிலும் அழைக்கும் கோப்பிலும் அதையே சேர்த்துக்கொள்ளுங்கள். சி பக்கத்துத் தலைப்புக் கோப்பிலும் மரபை வெளிப்படையாக எழுதுங்கள். கம்பைலர் அமைப்பில் இயல்பு மரபை யாராவது மாற்றிவைத்திருந்தாலும் பாதிக்காது. சி++ என்றால் எக்ஸ்டர்ன் சி என்பதையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் வேறு விதமாகத் திரிக்கப்படும்.

நான் எழுதினால், ப்ரோட்டோ வரி ‘சம்3 ப்ரோட்டோ சி :டிவேர்ட், :டிவேர்ட், :டிவேர்ட்’ என்று இருக்கும் (டிவேர்ட் என்பது 4 பைட் மதிப்பு). ப்ராக் வரி ‘சம்3 ப்ராக் சி எண்1:டிவேர்ட், எண்2:டிவேர்ட், எண்3:டிவேர்ட்’ என்று இருக்கும். அடிக்கோட்டை நீங்கள் போட வேண்டாம், மாஸ்மே போடும். நீங்களும் போட்டால் இரண்டு அடிக்கோடாகி மறுபடி லிங்கரிடம் மாட்டுவீர்கள். ஆர்கியுமென்ட்டுகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். மாஸ்முக்கு ‘சி’ ஒதுக்கப்பட்ட சொல், அது மரபின் பெயர். வரும் பிழைச் செய்தியைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று லேசில் பிடிபடாது.

ப்ராக் வரியில் ஆர்கியுமென்ட்டுகளை அறிவித்துவிட்டால், ஈபிபியைத் தள்ளுவதும் அமைப்பதும் அசெம்பிளரின் வேலை. நீங்கள் கையால் எழுதிய அந்த இரண்டு வரிகளையும், கடைசியில் ஈபிபியை எடுக்கும் வரியையும் நீக்கிவிடுங்கள். முடிவில் வெறும் ‘ரெட்’ மட்டும் எழுதுங்கள். அந்த ரெட் நிஜத்தில் ஒரு கட்டளை இல்லை. அசெம்பிளர் அதன் இடத்தில் சட்டத்தைக் கலைக்கும் வரிகளையும், மரபுக்கு ஏற்ற திரும்புதலையும் வைக்கிறது. சி என்றால் வெறும் திரும்புதல், ஸ்டட்கால் என்றால் 12 சேர்ந்த திரும்புதல். மரபை மாற்றினால் உடலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. ‘ரெட்என்’ என்று எழுதினால் இந்த உதவி எதுவும் வராது, நீங்கள் எழுதியது மட்டுமே போகும். லிஸ்டிங்கில் ‘.லிஸ்ட்ஆல்’ போட்டுப் பாருங்கள். அசெம்பிளர் உங்களுக்காக நுழைத்த வரிகள் எல்லாம் தெரியும். ஒரு புரொசீஜரையாவது முழுதும் கையால் எழுதி, பிறகு இந்த லிஸ்டிங்கோடு ஒப்பிட்ட பிறகே இன்வோக்கைப் பயன்படுத்துங்கள் என்று எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கும் சொல்வது வழக்கம்.

ரெஜிஸ்டர்கள் பற்றி ஒரு சொல். 32 பிட் விண்டோஸில் ஈபிஎக்ஸ், ஈஎஸ்ஐ, ஈடிஐ, ஈபிபி நான்கையும் வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். ஈஏஎக்ஸ், ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸ் மூன்றையும் தாராளமாகக் கெடுக்கலாம். ப்ராக் வரியில் யூசஸ் என்று எழுதி, கெடுக்கப்போகும் ரெஜிஸ்டர்களைப் பட்டியலிட்டால் தள்ளி எடுக்கும் வேலையை அசெம்பிளர் பார்த்துக்கொள்ளும். இன்வோக்கிலும் ஒரு பொறி இருக்கிறது: உள் மாறியின் முகவரியை ஆர்கியுமென்ட்டாகக் கொடுத்தால், அந்த முகவரியைக் கணக்கிட அது ஈஏஎக்ஸைத்தான் எடுத்துக்கொள்ளும். அதே அழைப்பில் ஈஏஎக்ஸையும் ஒரு மதிப்பாகக் கொடுத்திருந்தால் அது அழிந்துவிடும். ரெஜிஸ்டர் மதிப்பு இன்வோக்கால் அழிக்கப்படுகிறது என்று மாஸ்ம் பிழை காட்டினால் பொருள் இதுதான். 1991இல் வந்த மாஸ்ம் 6.0இலிருந்து இன்வோக்கும் ப்ரோட்டோவும் இருக்கின்றன. இன்வோக் ஆர்கியுமென்ட்டுகளின் எண்ணிக்கையையும் வகையையும் சரிபார்க்கும்; வெறும் கால் கட்டளை எதையும் சரிபார்க்காது.

எந்த மரபைத் தேர்வது? உங்கள் புரொசீஜரை சி நிரல் மட்டும் அழைக்கிறது என்றால் சி மரபுதான் என் விடை. ஸ்டட்காலை 32 பிட் விண்டோஸ் ஏபிஐக்கும் (நிரல்கள் அழைக்க விண்டோஸ் தரும் ஃபங்ஷன்கள்), விண்டோஸ் உங்களைத் திரும்ப அழைக்கும் இடங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்: விண்டோ புரொசீஜர், த்ரெட் தொடங்கும் ஃபங்ஷன் போன்றவை. ஆனால் சி நூலகத்தின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான கியூசார்ட்டுக்கு நீங்கள் எழுதித் தரும் ஒப்பீட்டு ஃபங்ஷன் சி மரபில் இருக்க வேண்டும். விண்டோஸ் ஏபிஐயிலேயே ஒரு விதிவிலக்கு டபிள்யூஸ்பிரின்ட்எஃப். எத்தனை ஆர்கியுமென்ட் வரும் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. எத்தனை பைட் நீக்குவது என்பது அழைத்தவருக்கு மட்டுமே தெரியும், ஆகவே அது சி மரபில்தான் இருக்க முடியும். 16 பிட் விண்டோஸ் பாஸ்கல் மரபைப் பின்பற்றியதற்குக் காரணம் சிக்கனம்: சுத்தம் செய்யும் கட்டளை ஒவ்வோர் அழைப்பிலும் இல்லாமல் புரொசீஜருக்குள் ஒரே இடத்தில் இருந்தால் நிரலின் அளவு குறையும்.

ஊகம் என்று குறித்ததைத் தவிர, இதுவரை சொன்னவை உறுதியானவை. சில இடங்களில் எந்தப் புத்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், உங்கள் கம்பைலரின் லிஸ்டிங்கை மட்டும் நம்புங்கள். ஃபாஸ்ட்கால் என்ற பெயர் அவற்றில் ஒன்று: மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் முதல் இரண்டு ஆர்கியுமென்ட்டுகள் ஈசிஎக்ஸ், ஈடிஎக்ஸில் வரும், போர்லண்டில் முதல் மூன்று ஈஏஎக்ஸ், ஈடிஎக்ஸ், ஈசிஎக்ஸில் வரும். பெயர் ஒன்று, பழக்கம் வேறு. ஸ்ட்ரக்சரை (பல மாறிகளைச் சேர்த்த தொகுப்பு) மதிப்பாகத் திருப்பித் தரும் ஃபங்ஷன்களிலும் 32 பிட்டில் கம்பைலருக்குக் கம்பைலர் வேறுபாடு உண்டு. அசெம்பிளி எல்லையில் ஸ்ட்ரக்சரின் முகவரியை அனுப்பிவிடுவதே நிம்மதி.

பாடத்தில் அடுத்து 64 பிட் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இந்தக் கதையில் பெரும்பகுதி காலாவதி. 64 பிட் மாஸ்மான எம்எல்64இல் இன்வோக்கே இல்லை. ஸ்டட்கால், பாஸ்கல் என்ற தேர்வும் இல்லை. விண்டோஸில் முதல் நான்கு ஆர்கியுமென்ட்டுகள் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9இல் போகின்றன. அவை ரெஜிஸ்டரில் போனாலும் ஸ்டாக்கில் அவற்றுக்காக 32 பைட் காலி இடத்தை அழைப்பவர் விட்டாக வேண்டும். கால் கட்டளைக்கு முன் ஆர்எஸ்பி 16ஆல் வகுபட வேண்டும். லினக்ஸில் வரிசை ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. அந்தக் காலி இடம் இல்லை, 16 பைட் விதி உண்டு. ஆர்எஸ்ஐயையும் ஆர்டிஐயையும் விண்டோஸில் பாதுகாக்க வேண்டும், லினக்ஸில் வேண்டாம். நாஸ்ம் என்ற மற்றோர் அசெம்பிளரைப் பயன்படுத்தினால் மாஸ்ம் போல மரபை அறிவிக்கும் வசதி அதன் மொழியில் கிடையாது. குளோபல், எக்ஸ்டர்ன் என்று பெயரை மட்டும் சொல்கிறீர்கள். மற்றதெல்லாம் உங்கள் கை. 32 பிட் விண்டோஸ் என்றால் அடிக்கோடும் உங்கள் கைதான். என் அன்றாட வேலையான 32 பிட் ஆர்மில் முதல் நான்கு ஆர்0 முதல் ஆர்3 வரை. மற்ற கோப்புகளில் உள்ள ஃபங்ஷன்களை அழைக்கும்போது ஸ்டாக் 8ஆல் வகுபட வேண்டும். அதை மறந்தால் முழு எண்களை எல்லாம் சரியாக அச்சிடும் பிரின்ட்எஃப், தசம எண்ணை மட்டும் குப்பையாக அச்சிடக்கூடும்.

திருத்தி எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். டீபக்கரில் முதல் தள்ளுதலுக்கு முன் ஈஎஸ்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். கால் கட்டளையையும் அதற்கடுத்த சுத்தம் செய்யும் வரியையும் தாண்டிய பிறகு மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய நிரலிலும் இதையே செய்தால் 12 வித்தியாசம் கண்ணில் படும். டம்ப்பின் என்ற கருவியை வைத்து, அசெம்பிளர் உருவாக்கிய ஆப்ஜெக்ட் கோப்பின் பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், புரொசீஜரின் பெயர் @12 இல்லாமல் _சம்3 என்று மட்டும் இருக்க வேண்டும். அதன் பிறகும் விழுந்தால், லிஸ்டிங்கில் அந்தப் புரொசீஜர் வரும் பகுதியையும், சி கம்பைலர் அதை அழைக்கும் ஐந்தாறு வரிகளையும் இங்கே ஒட்டுங்கள். முழு நிரல் தேவையில்லை.